பட்டறைப் பதில்கள்: சிவப்புக் காலிப்பரும் சீட்டுக்கட்டும்

மதுரை முனிச்சாலைப் பக்கம் முப்பத்தொரு ஆண்டுகள் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை நடத்தி, இப்போது மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்கிறார். கேள்வி கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை.

கேள்வி: 2014 மாடல் ஸ்விஃப்ட் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறேன். என்ஜின் நன்றாக இருக்கிறது. ஆனால் அலாய் வீல் இடைவெளியில் பார்த்தால் காலிப்பர் முழுக்கத் துரு. சிவப்பு பெயிண்ட் அடித்தால் புது வண்டி போல் ஆகிவிடும் என்கிறான் நண்பன். பிரேக்கில் கை வைக்காதே என்கிறார் அப்பா. நானே அடிக்கலாமா? (கல்லூரி மாணவர், வயது 20, திருநகர்)

பதில்: அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நண்பர் ஆசைப்படுவதிலும் தவறில்லை. காலிப்பர் என்பது டிஸ்க்கைக் கவ்விப் பிடித்துச் சக்கரத்தை நிறுத்தும் பாகம், வார்ப்பிரும்பு. தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கத்தான் செய்யும். வெளிப்பக்கத் துருவால் பிரேக் கெட்டுப்போகாது. ஆகவே நீங்கள் செய்யப்போவது பழுதுபார்ப்பு அல்ல, அலங்காரம். அந்த நினைப்பு கடைசி வரை இருந்தால் வம்பு வராது.

நிறத்தை முதலில் பேசிவிடலாம். உங்கள் வண்டிக்கு முன்னால்தான் டிஸ்க், பின்னால் டிரம். முன்னால் இரண்டை மட்டும் சிவப்பாக்கினால், பின்னால் துருப்பிடித்த சட்டி இரண்டும் இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டியது போல இருக்கும். டிரம்மையும் சிவப்பாக்கினால் இன்னும் மோசம். நான் என்றால் நான்கிலும் கறுப்பு அடிப்பேன். பிரேக் தூசி கறுப்பில் தெரியாது. சிவப்பு, தூசி ஏறி ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். ஆனால் வயது இருபது என்று எழுதியிருக்கிறீர்கள், சிவப்புதான் அடிப்பீர்கள் என்று தெரியும். அடியுங்கள், டிரம் மட்டும் கறுப்பாக இருக்கட்டும்.

வீட்டு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய எனாமலை எடுத்துவராதீர்கள். மாசி வீதியில் ஊர்ந்து போகும்போது பிரேக் அவ்வளவாகச் சூடாகாது. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கிப் பாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்களின் டிஸ்க் 300 டிகிரியைத் தாண்டக்கூடும். காலிப்பருக்கு அவ்வளவு ஏறாது என்றாலும், சாதாரண எனாமல் கருகி, உரிந்து, தோசைக்கல்லில் ஒட்டிய தோல் போல் நிற்கும். காலிப்பருக்கென்றே டப்பா விற்கிறது. இல்லாவிட்டால் என்ஜின் எனாமல் வாங்குங்கள். 250 டிகிரிக்கு மேல் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும்.

இனி வேலை. சமமான சிமெண்ட் தரை வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வீல் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே ஒரு சுற்று இளக்கிவிட்டுப் பிறகு ஜாக்கி ஏற்றுங்கள். ஜாக்கி என்பது ஸ்டெப்னி மாற்றும் நேரத்துக்கு மட்டும்தான். நீங்கள் மணிக்கணக்கில் சக்கர வளைவுக்குள் தலையை விட்டு உட்காரப் போகிறீர்கள். அடியில் இரும்பு ஸ்டாண்ட் கொடுங்கள். செங்கல் அடுக்குகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். செங்கல் பிளப்பதற்கு முன் சொல்லிவிட்டுப் பிளப்பதில்லை.

தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். டிஸ்க்கை அழுத்தும் கட்டைகளான பேடுகளில், பழையவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது, அது நுரையீரலுக்கு எமன். தண்ணீர் தெளித்து நனைத்துத் துடையுங்கள். பிறகு கம்பி பிரஷ், அதன் பிறகு 80 நம்பர் உப்புத்தாள். பொருக்குத் துரு எல்லாம் உதிர்ந்து, சாம்பல் நிற இரும்பு கண்ணில் பட வேண்டும். கடைசியாக பிரேக் கிளீனர் ஊற்றித் துடைத்துக் காய விடுங்கள். எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருந்தாலும் அந்த இடத்தில் பெயிண்ட் நிற்காது.

காலிப்பரைக் கழற்ற வேண்டாம். வண்டியிலேயே வைத்து அரை அங்குல பிரஷ்ஷால் அடிக்கலாம். ஸ்ப்ரே என்றால் பாதி நாள் டேப் ஒட்டுவதிலேயே போகும். பிரஷ் என்றாலும் சில இடங்களை டேப் ஒட்டி மூடத்தான் வேண்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர், பிரேக் ஆயிலிலிருந்து காற்று எடுக்கும் நிப்பிள், பிரேக் ஹோஸ், காலிப்பர் நகர உதவும் கம்பியும் (கைடு பின்) அதன் ரப்பரும், டிஸ்க்கின் தேயும் முகம், வீல் போய் உட்காரும் முகம். இவற்றில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் காலிப்பருக்கு மஞ்சள் கேட்டு வந்தார். வேலையைப் பட்டறைப் பையனிடம் கொடுத்துவிட்டு நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். பையன் அழகாகத்தான் அடித்திருந்தான், அழகு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பேடின் இரண்டு காதுகளும் உட்கார்ந்து நகரும் பள்ளத்துக்குள்ளும் இரண்டு கோட்டிங் போட்டுவிட்டான். பேட் இறுகி, டிஸ்க்கை விட்டு விலகவில்லை. வண்டிக்காரர் குடும்பத்தோடு அழகர்கோயில் போய்த் திரும்பும்போது அப்பன்திருப்பதி அருகே சக்கரத்திலிருந்து புகை. போன் வந்ததும் மொபெட்டில் அரமும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு ஓடினேன். ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து அந்தப் பள்ளத்தில் நான்கு நகக்கண் அளவு பெயிண்டைச் சுரண்டி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவருடைய பாட்டி பிரசாத தோசையில் ஒரு துண்டு பிட்டுக் கொடுத்தார். மென்றுகொண்டே சுரண்டினேன். கூலி கேட்கிற முகம் எனக்கு இல்லை. பையனைத் திட்டவும் வாய் வரவில்லை, எங்கே அடிக்கக்கூடாது என்று நான் அவனுக்குச் சொல்லியிருக்கவே இல்லை.

பெயிண்டை மெல்லியதாக மூன்று முறை அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே கால் மணி நேரம் விடுங்கள். தடிமனாக ஒரே முறை அடித்தால் வழிந்து, கண்ணீர்த்துளி போல் உறைந்து நிற்கும். பிரேக் ஆயில் சிந்தாமல் பாருங்கள். அது பெயிண்டை உரித்துவிடும், பாடியில் பட்டாலும் அப்படித்தான். பட்டுவிட்டால் துடைத்துக்கொண்டு நிற்காமல் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நாள் காய்ந்த பிறகு வீலை மாட்டுங்கள். நட்டுகளை வரிசையாக இல்லாமல் எதிரெதிராக இறுக்குங்கள், வண்டி தரைக்கு வந்ததும் இன்னொரு முறை. கிளம்புவதற்கு முன் பிரேக் பெடலை நாலைந்து முறை மிதித்துப் பாருங்கள். கட்டியாக நின்றால் மட்டும் தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று போய் வாருங்கள். இறங்கி, சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் நேராக மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் சொன்னதுதானே.

கேள்வி: கல்யாண மண்டப வாசலில் பிளாட்ஃபாரக் கல்லில் உரசி அலாய் வீலின் ஓரம் ரம்பம் போல் ஆகிவிட்டது. வீலையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா? (இல்லத்தரசி, அண்ணா நகர், மதுரை)

பதில்: விரல் வைத்து முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள் அம்மா. விரிசலோ வளைவோ இருந்தால் மாற்றுவதுதான் சரி, பற்றவைத்து ஓட்ட வேண்டாம். வெறும் உரசல் என்றால் வீட்டிலேயே முடியும். நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை அரத்தால் தேய்த்து, 320 நம்பர் தாள் போட்டு, பள்ளத்துக்கு மெட்டல் பட்டி வைத்து, காய்ந்ததும் 600 நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். பிறகு பிரைமர், வீல் சில்வர், மேலே லேக்கர்.

டயரில் பெயிண்ட் படாமல் இருக்க ஒரு பழைய சீட்டுக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சுற்றிலும் செருகிவிடுங்கள். ஐம்பத்திரண்டு சீட்டும் தேவைப்படும், ஜோக்கரும்கூட வேலைக்கு ஆகும். எங்கள் பட்டறையில் டேப் வாங்கிய செலவைவிடச் சீட்டுக்கட்டு வாங்கிய செலவு அதிகம். அக்கம்பக்கத்தில் எங்களைத் தப்பாக நினைத்ததும் உண்டு.

ஒன்று கவனியுங்கள். வீலின் முகம் கண்ணாடி போல் மின்னி, உற்றுப் பார்த்தால் இசைத்தட்டு போல் மெல்லிய வட்டக்கோடுகள் தெரிந்தால் அது மெஷினில் கடைந்தது. அதைக் கையால் பழையபடி கொண்டுவர முடியாது. அதற்கென்று லேத் வைத்திருப்பவர்களிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: வெள்ளைக் கார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் மூன்று மாதமாக பானட்டில் கறையாக நிற்கிறது. பழைய வண்டி என்பதால் பெயிண்டும் மங்கல். தின்னர் போட்டுத் துடைக்கலாமா? (ஆசிரியர், உசிலம்பட்டி)

பதில்: தின்னரை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள் ஐயா. கறையோடு பெயிண்டும் வந்துவிடும். பருத்தித் துணியை நனைத்துக் கறையின் மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். காய்ந்த சந்தனம் ஊறித் தானாக விடும். நகத்தால் சுரண்டினால் அந்தக் கீறலுக்கும் நீங்களே இன்னொரு கேள்வி அனுப்ப வேண்டியிருக்கும். மஞ்சள் நிறம் மிச்சமிருந்தால் வெயிலில் விடுங்கள். வெயில் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும், துணியில் பட்ட கறையில் பார்த்திருப்பீர்கள். குங்குமத்தில் சாயம் கலந்திருந்தால் அது போகாது. அதற்கு மட்டும் மெல்லிய பாலிஷிங் கம்பவுண்ட்.

கம்பவுண்டை ஆண்டுக்கு நான்கு முறை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரைமர் முதல் மேல் லேக்கர் வரை எல்லாம் சேர்த்தாலே கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான், ஏறக்குறைய இரண்டு தலைமுடித் தடிமன். ஒவ்வொரு முறை பளபளப்பாக்கும்போதும் அதில் கொஞ்சம் துணியோடு போகிறது. அடுத்த ஆண்டு பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. பம்பரில் வாழைக்கன்று கட்டுவதென்றால் அடியில் ஒரு துணி கொடுத்துக் கட்டுங்கள். வண்டி ஓட ஓடக் கயிறு அறுத்த கோடு எந்தக் கம்பவுண்டுக்கும் போகாது.

கேள்வி: ஹெட்லைட் மஞ்சளாகிவிட்டது. பற்பசை போட்டுத் தேய்த்தால் போகும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். உண்மையா? (மேலூர்)

பதில்: போகும், சில வாரத்தில் திரும்பி வரும். ஹெட்லைட் முகப்பு கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட். வெயிலைத் தடுக்க அதன் மேல் கம்பெனி ஒரு பூச்சு பூசி அனுப்புகிறது. மேலூர் வெயிலில் அந்தப் பூச்சு வெந்துதான் மஞ்சளாகிறது. 800, 1500, 2000 என்று தண்ணீர்த் தாளில் படிப்படியாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே வெயில் தாங்கும் கிளியர் கோட் அடித்தால்தான் நிற்கும். கிளியர் அடிக்காமல் விட்டால், இருந்த கொஞ்சப் பூச்சையும் நீங்களே தேய்த்து எடுத்ததுதான் மிச்சம். பற்பசை பல்லுக்கே இருக்கட்டும்.

கேள்வி: பழைய கார் வாங்கப் போகிறேன். பார்க்கிற வண்டி எல்லாம் கண்ணைப் பறிக்கிறது. அடிபட்டு பெயிண்ட் அடித்த வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? (சோழவந்தான்)

பதில்: என்னைப் போன்றவர்கள் மறைக்க முப்பது ஆண்டு பழகினோம். நீங்கள் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கக் கேட்கிறீர்கள். பரவாயில்லை, சொல்கிறேன்.

உச்சி வெயிலில் பார்க்காதீர்கள். காலை ஏழு மணிக்குப் போங்கள், வண்டியைக் கழுவி நனைத்து வைத்திருந்தால் காயும் வரை காத்திருங்கள். பக்கவாட்டில் குனிந்து, கதவு நெடுக ஒரு மின்கம்பத்தின் பிரதிபலிப்பு எப்படிப் போகிறது என்று பாருங்கள். பட்டி வைத்த இடத்தில் கம்பம் நெளியும். கதவு ரப்பரை விரலால் விலக்கினால் உள்ளே பெயிண்ட் தூறல் பட்டிருக்கும். கம்பெனியில் ரப்பர் மாட்டுவதற்கு முன்பே பெயிண்ட் அடித்துவிடுவார்கள், நாங்கள் ரப்பரோடு டேப் ஒட்டி அடிப்போம். பானட் போல்ட்டின் மூலைகளில் பெயிண்ட் உடைந்திருந்தால் யாரோ ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவில் வையுங்கள். பிடிக்க வேண்டிய தகட்டில் பிடிக்காமல் நழுவினால் அடியில் பட்டி கனமாக இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக், அதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள்.

பெயிண்ட் அடித்த வண்டி எல்லாம் மோசமும் இல்லை. கதவில் மாடு முட்டியதற்கும் பைக் உரசியதற்கும் அடித்திருக்கலாம். சேஸிஸ் பக்கமும் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலும் வெல்டிங் புதிதாகத் தெரிந்தால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

போன ஆண்டு என் தங்கை மகனுக்கு வண்டி பார்க்கப் போனோம். ஒரே ஓனர், ஒரு கீறல்கூடக் கிடையாது, கம்பெனி பெயிண்ட் என்று விற்பவர் சத்தியம் செய்தார். இடது பின்கதவின் கைப்பிடிக்குக் கீழே கை வைத்தேன். பட்டி தேய்க்கும்போது கடைசி ஓரத்தில் நான் எப்போதும் கட்டைவிரலால் ஒரு சின்ன வளைவு கொடுப்பேன், அது என் கைப்பழக்கம். அந்த வளைவு அங்கே இருந்தது. எட்டு ஆண்டு ஆகியும் ஒரு வெடிப்பு இல்லை, நிறம் மாறவில்லை. அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மருமகனைத் தனியே கூப்பிட்டு, பதினைந்தாயிரம் குறைத்துக் கேள், கதவைப் பற்றிக் கவலைப்படாதே என்றேன்.