யாருக்கு ஓட்டுன்னு சபையில சொல்லலாமா? – வாசகர் கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

உங்க எழுத்தை மூணு வருஷமா படிக்கிறேன். கல்யாணம், குடும்பம், கருக்கலைப்பு எல்லாத்துலயும் வேதம் என்ன சொல்லுதோ அதைத்தான் சொல்றீங்க, யாருக்காகவும் மாத்திக்கிறதில்ல. ஆனா தேர்தல்னு வந்தா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்க. மணிப்பூர்ல ஆலயங்களை எரிச்சதைப் பார்த்தோம். அமெரிக்காவுல விசுவாசிகள் ஒரே பக்கமா நின்னு கருக்கலைப்பு தீர்ப்பையே மாத்திட்டாங்க. நாம மட்டும் ஏன் சிதறிக் கிடக்கணும்? ஆராதனையில போதகர் ஐயர் ஒரு வார்த்தை சொன்னா சபை மொத்தமும் ஒரே பக்கம் போடும்ல? எங்க வாலிபர் கூட்டத்துக்கு நீங்க வந்து "கிறிஸ்தவன் யாருக்கு ஓட்டுப் போடணும்"னு பேசணும்.

– ஒரு தம்பி, திசையன்விளை

அன்புள்ள தம்பிக்கு,

உங்க பயம் நியாயமானது, முதல்ல அதைச் சொல்லிடறேன். 1999 ஜனவரியில ஒடிசா மனோகர்பூர்ல கிரகாம் ஸ்டெய்ன்ஸையும் அவரோட ரெண்டு சின்னப் பையன்களையும் வண்டிக்குள்ளயே வச்சு எரிச்ச செய்தி வந்த அன்னைக்கு எங்க வீட்ல யாரும் சரியா சாப்பிடலை, எங்கம்மா ராத்திரி முழுக்க முழங்கால்லயே இருந்தாங்க. அப்புறம் 2008-ல அதே ஒடிசாவுல கந்தமால் கலவரம், 2023-ல மணிப்பூர். ஓட்டுக்கு பலம் இருக்குன்னும் எனக்குத் தெரியும், நம்ம தமிழ்நாட்டுலயே 2002-ல கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டு வந்தாங்க, 2004 நாடாளுமன்றத் தேர்தல்ல ஆளுங்கட்சி ஒரு சீட்டு கூட ஜெயிக்காம போனதும்தான் அதை வாபஸ் வாங்கினாங்க. அதனால ஓட்டுப் போடாதீங்க, அரசியல் பாவம்னு சொல்ற ஆள் நான் இல்ல. சபைக்குள்ள வச்சு, ஆராதனை நேரத்துல, பிரசங்க பீடத்துல இருந்து சொல்லக்கூடாதுங்கிறேன். ஏன்னு கேட்டா நான் பார்த்ததைத்தான் சொல்லணும்.

பல வருஷம் முன்னாடி நான் இருந்த சபையில ஒரு தேர்தல் நேரம், வேட்பாளர் ஒருத்தர் ஞாயிறு ஆராதனைக்கு வரேன்னு சொல்லி அனுப்பினார். நானும் அப்போ சேகர கமிட்டியில, அதாவது சபை நிர்வாகக் குழுவுல இருந்தேன், அஞ்சு நிமிஷம் குடுக்கலாம்னு சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன். அவர் கட்சித் துண்டோட முன்னாடி வந்து நின்னார், ஜெபம் பண்ணி அனுப்பினோம், போனதுக்கு அப்புறம் "யாருக்குப் போடணும்னு உங்களுக்கே தெரியும்"னு பீடத்துல இருந்து ஒரு வார்த்தை வந்துச்சு. அவ்வளவுதான் நடந்தது. சபையில ஒரு பெரியவர் இருந்தார், நாற்பது வருஷமா எதிர்க்கட்சி ஆள், ஊருக்கே தெரியும், அதே நாற்பது வருஷமா சபையே சேர்ந்து சாப்பிடுற அசன பண்டிகைக்கு விடிய விடிய அடுப்படியில நின்னதும் அவர்தான். அன்னைக்கு நற்கருணை எடுக்காம எழுந்து போனார். ரெண்டு வருஷம் வரலை. நான் வீட்டுக்குப் போய்க் கேட்டப்போ, "தம்பி, கர்த்தருடைய பந்தியிலயும் கொடி நட்டுட்டீங்க, எனக்கு இடம் எங்க இருக்கு"ன்னார். எனக்கு பதில் வரலை. அந்த அஞ்சு நிமிஷத்துக்கு கை தூக்கினவன் நான்தானே.

அமெரிக்கா விஷயத்துக்கு வர்றேன். கருக்கலைப்பை உரிமையாக்கின 1973 ரோ தீர்ப்பை 2022 ஜூன்ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணினப்போ நான் சந்தோஷப்பட்டேன், மறைக்க மாட்டேன், கர்ப்பத்துல இருக்கிறது ஒரு உயிர்னு நான் விசுவாசிக்கிறேன். ஆனா அதுக்கப்புறம் நடந்ததையும் பாருங்க. ரெண்டே மாசத்துல கான்சாஸ் மாநிலத்துல ஓட்டெடுப்பு வச்சாங்க, குடியரசுக் கட்சி பலமா இருக்கிற மாநிலம், ஆலயங்களுக்கும் குறைவில்ல, அங்கேயே ஜனங்க கருக்கலைப்பு உரிமை இருக்கட்டும்னு போட்டாங்க. 2023-ல ஒஹையோவும் அப்படியே. 2024-ல அதே குடியரசுக் கட்சி தன் தேர்தல் அறிக்கையில இருந்து நாடு தழுவிய தடைங்கிற கோரிக்கையையே எடுத்துடுச்சு. பல வருஷமா விசுவாசிகள் இந்த ஒரு விஷயத்துக்காக அந்தக் கட்சி பின்னாடி நின்னாங்க, கணக்கு மாறினதும் கட்சிக்காரங்க அதை இறக்கி வச்சுட்டுப் போயிட்டாங்க. "பிரபுக்களையும், இரட்சிக்கத் திராணியில்லாத மனுபுத்திரனையும் நம்பாதேயுங்கள்"னு 146-ம் சங்கீதம் சொல்றதை இப்பல்லாம் இதை நினைக்காம என்னால வாசிக்க முடியலை.

நமக்கு அமெரிக்கா எதுக்கு தம்பி, உங்க பக்கத்துல வெள்ளாளன்விளை இருக்கே, அங்க பிறந்த அசரியா ஐயா 1912-ல ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்தியப் பிஷப் ஆனவர். இந்தியக் கிறிஸ்தவர்களுக்குன்னு தனித் தொகுதி, அதாவது கிறிஸ்தவங்க மட்டும் ஓட்டுப் போட்டு கிறிஸ்தவரையே அனுப்புற ஏற்பாடு வேணுமான்னு பேச்சு வந்த காலத்துல அவர் அதை எதிர்த்தார், சபை ஒரு அரசியல் கூட்டமா மாறிடும், ஞானஸ்நானம் குடுக்கிறதே ஓட்டு சேர்க்கத்தான்னு மத்தவங்க நினைப்பாங்கங்கிற கவலை. சேலத்துல பிறந்த கிறிஸ்தவத் தலைவர் கே. டி. பாலும் அதே பக்கம்தான் நின்னார். அப்புறம் அரசியல் சாசனத்தை எழுதின அரசியல் நிர்ணய சபையில சிறுபான்மையினருக்கான துணைக்குழுத் தலைவரே எச். சி. முகர்ஜிங்கிற வங்காளக் கிறிஸ்தவர், 1949-ல மத அடிப்படையிலான தொகுதி ஒதுக்கீடு வேண்டாம்னு முடிவானப்போ நம்மாளுங்க அதுக்கு சம்மதிச்சாங்க. இது ஏமாளித்தனம்னு சிலர் இன்னைக்கு சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணலை. அதே அரசியல் சாசனத்தோட 25-வது பிரிவுல மதத்தைப் பரப்பவும் உரிமைன்னு எழுதியிருக்கு, மத்தவங்க நம்மளை நம்பினதால கிடைச்சதுன்னுதான் நினைக்கிறேன்.

இன்னொண்ணு, வேதத்தை அப்படியே எடுத்துக்கிறவனுக்கு முழுசா பொருந்துற கட்சி எது சொல்லுங்க? ஒருத்தர் நம்ம ஆலயத்துக்குப் பாதுகாப்புன்னு சொல்வார், டாஸ்மாக்கை மூட மாட்டார். 2003-ல அரசாங்கமே சில்லறைக் கடையை எடுத்து நடத்த ஆரம்பிச்சதுல இருந்து ஆட்சி மாறி மாறி வந்துச்சு, கடை போகலை, அந்தக் கடையால தாலி அறுத்த பெண்கள் நம்ம பெண்கள் ஐக்கிய சங்கத்துலயே எத்தனை பேர். இன்னொருத்தர் குடும்பம், கலாச்சாரம், ஒழுக்கம்னு நாம பேசுற மாதிரியே பேசுவார், அவங்க ஆளுங்களே வீட்டு ஜெபத்துக்குள்ள புகுந்து பைபிளைப் பிடுங்குவாங்க. இதுல எதை எடுத்து, இதுதான் கர்த்தருடைய சித்தம்னு பீடத்துல இருந்து சொல்றது?

கலாச்சாரம் கெட்டுப்போச்சுன்னு நீங்களும் கவலைப்படுறீங்க, நானும்தான். பிள்ளைங்க கையில போன் இருக்கு, அதுல வராதது ஒண்ணுமில்ல. ஆனா வெளியில இருந்து வர்றதை மட்டுமே திட்டிட்டு இருக்க எனக்கு மனசாட்சி இடம் தரலை. பிஷப் டேனியல் வில்சன் 1833-ல சபைக்குள்ள சாதி கூடாதுன்னு உத்தரவு போட்டார், நம்ம கல்யாண விளம்பரத்துல இன்னைக்கும் "இரட்சிக்கப்பட்ட"ன்னு போட்டுட்டு பக்கத்துலயே சாதி. கல்லறைத் தோட்டத்துல சுவர் வச்ச ஊர் இருக்கு. வரதட்சணைக்கு பயந்துதானே பொம்பளப் பிள்ளைன்னு தெரிஞ்சதும் கலைக்கிறாங்க, அந்த வரதட்சணையை ஆலயத்துல பாமாலை பாடிட்டு மண்டபத்துல எண்ணி வாங்குறோம். கருக்கலைப்பு பாவம்னு பேசுற நாக்கு இதையும் சேர்த்துப் பேசணும். நம்ம திருமண்டல (பிஷப்புக்குக் கீழ இருக்கிற சபைகளோட) நிர்வாகத் தேர்தலுக்கு பணக் கவர் கொடுக்கிற கதை உங்களுக்கும் தெரியும், அதுக்கு மேல நான் எழுதலை.

அப்போ சபை என்னதான் பண்ணணும்னு கேட்பீங்க. ஜெபிக்கணும், "ராஜாக்களுக்காகவும், அதிகாரமுள்ள யாவருக்காகவும்"னு பவுல் எழுதினப்போ ராஜா நீரோ. அநியாயம் நடந்தா யார் ஆட்சின்னு பார்க்காம கண்டிக்கணும், மணிப்பூருக்காக ரோட்ல இறங்கினது சரி, டாஸ்மாக்குக்கும் அதே மாதிரி இறங்கணும். காசு வாங்காம ஓட்டுப் போடணும்னு பீடத்துல இருந்தே தாராளமா சொல்லலாம், அது எல்லாக் கட்சிக்காரனுக்கும் பொருந்தும்.

அந்தப் பெரியவர் திரும்ப வந்தாரான்னு யோசிச்சிருப்பீங்க. வந்தார். கமிட்டி சார்பா மூணு பேர் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம், அடுத்த அசனத்துக்கு அடுப்படியில நின்னார், நான் அவர் பக்கத்துலயே காய் வெட்டினேன்.

வாலிபர் கூட்டத்துக்கு கண்டிப்பா வர்றேன். அறுப்பின் பண்டிகை முடிஞ்சு ஒரு சனிக்கிழமை வச்சுக்கங்க. தலைப்பை மட்டும் மாத்திடுங்க, எரேமியா 29-ம் அதிகாரம், பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்னு போடுங்க. எந்தக் கட்சிக்கார தம்பியா இருந்தாலும் கூப்பிடுங்க, எல்லாரும் உட்கார்ந்து கேட்கிற மாதிரி பேசறேன்.

அன்புடன்,
அண்ணன்