அக்கரைக் கணக்கு – கடிதம்

வணக்கம் ஐயா,

புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் படகில் ஒவ்வொன்றாக ஆற்றைக் கடத்தும் கணக்கை ஆறாவது படிக்கும் என் மகனுக்குச் சொன்னேன். பத்து நிமிடத்தில் போட்டுவிட்டான். அடுத்து மூன்று வியாபாரி, மூன்று திருடன் கணக்கு. படகில் இரண்டு பேர்தான் ஏறலாம், யார் வேண்டுமானாலும் துடுப்பு வலிக்கலாம், வியாபாரி இருக்கும் கரையில் திருடர்களின் எண்ணிக்கை வியாபாரிகளைவிடக் கூடிவிடக் கூடாது. ஒரு வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். விடையைத் தேடிப் பார்க்க மனசு வரவில்லை. இதற்கு முறை என்று ஒன்று உண்டா, இல்லை குருட்டாம்போக்கில்தான் போட வேண்டுமா? நான்கு வியாபாரி, நான்கு திருடன் என்றால்?

ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள வாசகிக்கு,

முறை உண்டு. அதற்கு முன்னால் என் ஆயாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் வீட்டுத் திண்ணையில் வைத்து எனக்கு இந்தக் கணக்கைச் சொன்னது அவள்தான். சிமெண்ட் விரிசல்தான் ஆறு. கொட்டாங்குச்சி படகு. புலிக்குப் புளியங்கொட்டை, ஆட்டுக்கு ஒரு பூண்டுப்பல், புல்லுக்குக் கறிவேப்பிலை. “எதுக்கு ஆயா படகு? கெடிலம் ஆத்துல நடந்தே போலாமே” என்றேன். “ஐப்பசி வெள்ளம்னு வச்சுக்க” என்றாள்.

ஆட்டை அக்கரையில் விட்டேன். திரும்பி வந்து புலியைக் கொண்டுபோனேன். அங்கே நின்றுவிட்டேன். புலியை விட்டுவிட்டு வந்தால் ஆடு காலி. ஆயா பூண்டுப்பல்லை எடுத்து மறுபடி கொட்டாங்குச்சியில் போட்டாள். எனக்குக் கோபம். கொண்டுபோய் விட்டதைத் திரும்பக் கொண்டுவருவது அழுகுணி ஆட்டமாகப் பட்டது. ஆனால் விதியில் அப்படி எங்கே இருக்கிறது? நாமாகச் சேர்த்துக்கொண்ட விதி அது. ஆற்றைக் கடக்கும் கணக்குகளில் பெரும்பாலும் முடிச்சு விழுவது இந்த இடத்தில்தான்.

கணக்கு ரொம்பப் பழசு. 804ல் இறந்த அல்குயின் என்ற அறிஞர் தொகுத்ததாகச் சொல்லப்படும் லத்தீன் புதிர்த் தொகுப்பில் ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று வருகிறது. மூன்று அண்ணன்கள் தங்கள் தங்கைகளோடு ஆற்றைக் கடக்கும் கணக்கும் அதிலேயே உண்டு. உங்கள் திருடர்களுக்கு அதுதான் பாட்டன்.

இப்போது முறை. ஆள், புலி, ஆடு, புல் நான்கும் இக்கரை அல்லது அக்கரையில் இருக்கலாம். மொத்தம் 16 நிலைகள். ஆள் இல்லாமல் ஆடு புலியோடோ புல்லோடோ நிற்கும் 6 நிலைகளை அடித்துவிடுங்கள். மிச்சம் 10. ஒரே நடையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடிந்தால் கோடு போட்டு இணையுங்கள். போவது ஒரு நடை, வருவது ஒரு நடை என்று எண்ணினால், இந்தக் கோட்டுப் படத்தில் 7 நடையில் முடியும் இரண்டு பாதைகள் கண்ணுக்கே தெரியும். திரும்பும்போது ஆட்டைக் கொண்டுவர வேண்டும் என்ற யோசனை யாருக்கும் தோன்ற வேண்டியதில்லை, படமே சொல்லிவிடும். கணினியும் கிட்டத்தட்ட இப்படித்தான் போடுகிறது.

சரி, உங்கள் கணக்கு. இரண்டு திருடர்கள் போகட்டும், ஒருவன் படகோடு திரும்பட்டும். மறுபடி இரண்டு திருடர்கள் போய் ஒருவன் திரும்பட்டும். ஐந்தாவது நடையில் இரண்டு வியாபாரிகள் போகட்டும். இப்போது இக்கரையில் ஒரு வியாபாரி, ஒரு திருடன். அக்கரையில் இரண்டும் இரண்டும், படகும் அங்கேதான். நீங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான் என்று ஊகிக்கிறேன்.

படகை யார் திருப்பிக் கொண்டுவருவது? ஐந்தே வழிகள். வியாபாரி தனியாக வந்தால் அக்கரையில் ஒரு வியாபாரிக்கு இரண்டு திருடர்கள். திருடன் தனியாக வந்தால் இக்கரையில் அதே கதி. இரண்டு திருடர்கள் வந்தால் இன்னும் மோசம். இரண்டு வியாபாரிகளும் வந்தால் போன நடை வீண். மிச்சம் ஒன்றுதான்: ஒரு வியாபாரியும் ஒரு திருடனும் சேர்ந்து திரும்ப வேண்டும். கடந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனசு வரும்! ஒரு ஆட்டுக்கே எனக்கு வரவில்லை.

மொத்தம் 11 நடை. ஆறாவதுதான் நட்டநடு. அதைத் தாண்டிவிட்டால் மிச்ச ஐந்தும் முதல் ஐந்தின் கண்ணாடிப் பிம்பம். அக்கரையை இக்கரை என்று வைத்துக்கொண்டு முதல் ஐந்தைப் பின்னாலிருந்து ஓட்டிப் பாருங்கள். அதைத் தம்பியே போடட்டும், நான் எழுதப்போவதில்லை.

நான்கு வியாபாரி, நான்கு திருடன் என்றால், இரண்டு பேர் ஏறும் படகில் முடியவே முடியாது. எல்லா நிலைகளையும் எழுதிக் கோடு போட்டால் பாதை நடுவில் அறுந்துபோவது தெரியும். அண்ணன் தங்கை கணக்கு பிற்பாடு கணவன் மனைவி கணக்காக மாறியது. அதில் நான்கு ஜோடிகளையும் கடத்திவிடலாம் என்று 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கணித மேதை டார்டாக்லியாவே தப்பாக நினைத்தார். மூன்று பேர் ஏறும் படகு கொடுங்கள், உங்கள் நான்கும் நான்கும் 9 நடையில் கரையேறிவிடும்.

ஆனால் முடியாது என்பதைத் தம்பியிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் தேடட்டும். அதுவரை இந்தப் பக்கம் அவன் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.