வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஹோம் கேர் சேவை தரமாக இருக்கிறதா என்று எப்படி அளப்பது?

கேள்வி கேட்டவர் வெளிநாட்டில் இருக்கிறார். பக்கவாதம் வந்து படுத்த அம்மாவுக்கு, சென்னை வீட்டில் ஏஜென்சி மூலம் 24 மணி நேர அட்டெண்டர் வைத்திருக்கிறார். மாதாமாதம் ஏஜென்சியிலிருந்து லிங்க் வருகிறதாம், இவரும் ஐந்து நட்சத்திரம் போட்டு அனுப்பிவிடுகிறாராம். உண்மையில் தரம் எப்படி என்று தெரிந்துகொள்ள வேறு வழி உண்டா என்கிறார். நான் இதே துறையில் நர்சிங் சூப்பர்வைசர். வீடு வீடாகப் போய் எங்கள் ஆட்களின் வேலையைச் சரிபார்ப்பதுதான் பிழைப்பு, அதனால் சொல்கிறேன்.

முதலில் அந்த நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள். பணம் கட்டுவது நீங்கள், பராமரிப்பு அம்மாவுக்கு. உங்களுக்குத் தெரிவதெல்லாம் ஏஜென்சிக்காரர் போனை எடுக்கிறாரா, பில் சரியாக வருகிறதா, வீடியோ காலில் அம்மா தலை சீவிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருக்கிறாரா, அவ்வளவுதான். மார்க் போடுவதும் அதற்குத்தான். அம்மாவிடம் கேட்டாலும் "நல்லாத்தான் பாத்துக்குறா" என்பார். அந்தப் பெண் பக்கத்திலேயே நிற்கும்போது வேறென்ன சொல்வார்? இவளும் போய்விட்டால் என்ன கதி என்ற பயம் வேறு.

பார்க்க வேண்டியது அம்மாவின் உடம்பை. நான் ஒரு வீட்டுக்குள் போனதும் முதல் வேலையாக நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து வால் எலும்புப் பகுதியையும், அப்புறம் குதிகாலையும் பார்ப்பேன். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லையென்றால் படுக்கைப்புண்ணின் முதல் நிலை வந்துவிட்டது. நம் நிறத்துக்கு அந்தச் சிவப்பு பல சமயம் தெரியாது. அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள்: சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, கெட்டியாக, அல்லது கொழகொழவென்று இருந்தால் அதுவும் அதே எச்சரிக்கைதான். உள்ளூரில் இருக்கும் அக்காவோ சித்தியோ வாரம் ஒருமுறை வந்து குளிப்பாட்டும் நேரத்தில் கூட இருந்தால் போதும், இதைப் பார்த்துவிடலாம். கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு எவ்வளவு கவனித்தாலும் புண் வருவதுண்டு, அதற்கு அட்டெண்டரைக் குறை சொல்ல முடியாது. மற்றவர்களுக்குப் புதிதாகப் புண் வந்தால் காரணம் கேட்டே ஆக வேண்டும். "ஏர் பெட் போட்டிருக்கே மேடம்" என்பார்கள். ஏர் பெட் இருந்தாலும் திருப்பிப் போடத்தான் வேண்டும்.

எந்த நேரத்தில் திருப்பிப் போட்டார்கள் என்று குறிக்கும் சார்ட்டைக் காட்டுவார்கள். 8 மணி, 10 மணி, 12 மணி என்று நிமிஷம் பிசகாமல், ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் அது சாயங்காலம் மொத்தமாக உட்கார்ந்து நிரப்பியது. நிஜமாகத் திருப்பிப் போடுகிறவளின் சார்ட்டில் 8:20, 10:35 என்று இருக்கும், நடுவில் ஒரு மஞ்சள் கறைகூட இருக்கும்.

எண்ணாக வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானே செய்துகொள்கிறார் என்று அளக்கும் பார்தெல் அளவுகோல் 1965-லிருந்தே இருக்கிறது. சாப்பிடுவது, குளிப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, கழிப்பறைக்குப் போவது என்று பத்து விஷயங்கள், மொத்தம் 100. ஆள் வைத்த முதல் வாரத்தில் ஒருமுறை போட்டு வைத்து, பிறகு மாதம் ஒருமுறை போடச் சொல்லுங்கள். படுக்கைப்புண் அபாயத்துக்கு பிராடன் அளவுகோல் இருக்கிறது, 6 முதல் 23 வரை. இதில் எண் குறையக் குறைய ஆபத்து அதிகம், பொதுவாக 18-ம் அதற்குக் கீழும் கவனிக்க வேண்டியவை. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2015 முதல் ஹோம் ஹெல்த் ஏஜென்சிகளுக்கு நட்சத்திரம் கொடுக்கிறது. நடையில், குளியலில் நோயாளி எவ்வளவு தேறினார் என்பதெல்லாம் அதில் கணக்கு. பார்க்கின்சன், டிமென்ஷியா என்று தேறவே வாய்ப்பில்லாதவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு இருப்பது சீக்கிரம் குறையாமல் இருந்தாலே நல்ல பராமரிப்புதான்.

ஓர் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். "ஆறு மாசமா ஒரு தடவைகூட விழலை" என்று பெருமையாகச் சொன்ன வீட்டில், கைபிடித்தால் நடக்கக்கூடிய அம்மாவைக் கட்டிலைவிட்டு இறக்கவே இல்லை. டயப்பர் மாட்டிவிட்டால் அட்டெண்டருக்கும் வேலை மிச்சம், ஏஜென்சிக்கும் புகார் வராது. அம்மாவின் கால் வலுதான் போய்விட்டது. அதனால் விழுந்த கணக்கைக் கேட்கும்போதே, ஒரு நாளைக்கு எத்தனை முறை எழுந்து நின்றார், டயப்பர் எத்தனை செலவாகிறது என்றும் கேளுங்கள்.

அம்மாவால் பேச முடியும் என்றால், அட்டெண்டரைக் கடைக்கு அனுப்பிவிட்டுப் பேசுங்கள். திருப்தியா என்று கேட்காதீர்கள். நேத்து ராத்திரி கூப்பிட்டியாம்மா, எவ்வளவு நேரத்துல வந்தா? குளிப்பாட்டும்போது கதவைச் சாத்தினாளா? கையைப் பிடிச்சு இழுக்கிறாளா, மெதுவா தூக்கிறாளா? மெடிகேர் நோயாளிகளிடம் நடத்தும் கருத்துக்கணிப்பிலும் எவ்வளவு தடவை மென்மையாக நடந்துகொண்டார்கள் என்ற கேள்வி உண்டு. எத்தனை தடவை என்று கேட்டால்தான் உண்மை வரும்.

அப்புறம், மூன்று மாதத்தில் எத்தனை முகம் மாறியது என்று எண்ணுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு மாற்று ஆள் வந்தாரா? வந்தவருக்கு அம்மாவின் மாத்திரை விவரம் சொல்லி ஒப்படைத்தார்களா? அடிக்கடி ஆள் மாறினால், நீங்கள் கட்டும் பணத்தில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது, வாரம் ஒருநாள் லீவு உண்டா என்று ஏஜென்சியைக் கேளுங்கள். இரவெல்லாம் எழுப்பப்பட்டு, பகலிலும் அதே ஆளே பார்த்துக்கொள்ளும் வீட்டில் மருந்து மாறிப்போவது ஆச்சரியமில்லை.

சூப்பர்வைசர் மாதம் ஒருமுறை சொல்லாமல் வந்து பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அப்படி வருபவர் அம்மாவைத் திருப்பிப் பார்க்காமல், ஹாலில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனால், வேறு ஏஜென்சி தேட ஆரம்பியுங்கள்.