நகலைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டுமா?

வணக்கம் சார்,

நவம்பர் கடைசியில் குடும்பத்தோடு பாங்காக் போகிறோம். கோயில் கட்டடக்கலையில் எனக்குக் கொஞ்சம் ஆர்வம் உண்டு என்பதால் தாய்லாந்தின் பழைய கட்டடங்களை நகலெடுத்து வைத்திருக்கும் முவாங் போரான் பூங்காவையும் திட்டத்தில் சேர்த்திருந்தேன். ஏற்கெனவே போய்வந்த நண்பர் ஒருவர், “அங்கே எல்லாம் சிமென்ட் பொம்மை. அந்த நேரத்துக்குப் பழைய தலைநகரான அயுத்தயா போனால் அசலையே பார்க்கலாம்” என்கிறார். நகல்களைப் பார்ப்பதில் ஏதாவது பொருள் இருக்கிறதா? எழுபதைத் தாண்டிய அம்மாவும் எங்களோடு வருகிறார். அவரால் அதிகம் நடக்க முடியாது.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. சிமென்ட் நிறையத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே இருப்பது எல்லாமே ஒரே ரகம் இல்லை. அசல் கட்டடங்களைப் பார்த்துச் செய்த நகல்கள் உண்டு. அசலே அழிந்துபோன கட்டடங்களின் மறுஉருவாக்கங்கள் உண்டு. வேறு ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து நிறுத்திய நிஜமான பழைய கட்டடங்களும் உண்டு. இவை போக, எங்கேயும் இருந்திராத, முழுக்கக் கற்பனையான கட்டடங்கள் வேறு. எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பலகையைப் படிக்காமல் படம் எடுத்துக்கொண்டே போகிறவருக்கு எது எந்த வகை என்று தெரியாது. இந்தக் கலப்பு எனக்கும் உறுத்தல்தான்.

இதை உருவாக்கியவர் லெக் விரியபான் என்ற தொழிலதிபர். கார் இறக்குமதியில் பெரும்பணம் சேர்த்தவர். ஒரு கோல்ஃப் மைதானம் போட்டு, நடுநடுவே சின்னச் சின்னதாகப் பழைய கட்டட மாதிரிகளை வைப்பதுதான் முதல் யோசனை என்பார்கள். தகவல் சேகரிக்க ஊர் ஊராகப் போனபோது பல கட்டடங்கள் இடிந்துகிடப்பதைப் பார்த்தார். கோல்ஃப் போய்விட்டது, கட்டடங்கள் பெரிதாகிவிட்டன. 1963-ல் வேலை தொடங்கி 1972-ல் பூங்கா திறக்கப்பட்டது. இருநூறு ஏக்கருக்குக் குறையாத அந்த நிலத்தைத் தாய்லாந்து வரைபடத்தின் வடிவத்திலேயே அமைத்து, ஒவ்வொரு கட்டடத்தையும் அது எந்தப் பகுதியைச் சேர்ந்ததோ ஏறக்குறைய அந்த இடத்தில் வைத்தார். பட்டாயாவில் முழுக்க மரத்தால் ஆன ‘சத்திய ஆலயம்’, பூங்கா இருக்கும் சமுத் பிராகானிலேயே மூன்று தலை யானை நிற்கும் எராவன் அருங்காட்சியகம் இரண்டும் இதே மனிதரின் வேலைதான். அளவோடு செய்வது அவருக்குத் தெரியாது.

சரி, எதைப் பார்ப்பது, எதை விடுவது? அசல் இன்னும் நிற்கிறதா, அங்கே உங்களால் போக முடியுமா என்று மட்டும் பாருங்கள். இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் நகலைத் தாண்டிப் போய்விடலாம். பிமாய், பனோம் ருங் இரண்டுக்கும் அங்கே நகல் உண்டு. இவை கெமர் பாணி, அதாவது பழைய கம்போடியப் பாணிக் கற்கோயில்கள். அசல்கள் வடகிழக்குத் தாய்லாந்தில் நன்றாகச் சீரமைக்கப்பட்டு நிற்கின்றன. பனோம் ருங்கில் வாசலுக்கு மேலே பள்ளிகொண்ட பெருமாள் செதுக்கிய கல் ஒன்று உண்டு. 1960-களில் அது காணாமல் போய், பிறகு சிகாகோவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருப்பது தெரிந்து, பெரிய போராட்டத்துக்குப் பின் 1988-ல்தான் திரும்பி வந்தது. அப்படி மீட்டுவந்த கல் அதன் இடத்திலேயே இருக்கும்போது வார்ப்பைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

சன்பெட் பிரசாத் விஷயம் வேறு. அயுத்தயா அரசர்களின் கொலுமண்டபம் அது. பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்தது. 1767-ல் பர்மியப் படை நகரைக் கொளுத்தியபோது அழிந்தது. அயுத்தயாவின் செங்கற்களில் ஒரு பகுதி புதுத் தலைநகரான பாங்காக்கைக் கட்டப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு அயுத்தயா போனால், புகழ்பெற்ற மூன்று ஸ்தூபிகளுக்குப் பக்கத்தில், இந்த மண்டபத்தின் அடித்தளம்தான் தெரியும். ஆக, “அசலைப் பார்” என்று உங்கள் நண்பர் அனுப்புகிற ஊரிலேயே இதன் அசல் கிடையாது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தூதர் ஷொமோன் 1685-ல் வந்தது அந்த அரண்மனைக்குத்தான். அயுத்தயா மன்னர் நாராய் உயரமான சாளரத்தில் அமர்ந்திருக்க, நீண்ட கைப்பிடி வைத்த பொற்கலத்தில் கடிதத்தை ஏந்தியபடி கீழே நின்றார் தூதர். கையை மேலே தூக்கிக் கொடுத்தால் தன் அரசரின் கௌரவம் குறையும் என்று தூக்கவே இல்லை. கடைசியில் மன்னரே சிரித்துக்கொண்டு குனிந்து எடுத்துக்கொண்டாராம். பூங்காவின் மண்டபம் அகழ்வில் கிடைத்த அடித்தளத்தையும் பழைய குறிப்புகளையும் வைத்து ஊகித்துக் கட்டியது. மேற்கூரையின் ஒவ்வொரு அடுக்கும் அப்படியே இருந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் அடுக்குக் கூரையும் பொன் பூச்சுமாக அது எழுந்து நிற்கும்போதுதான் அயுத்தயாவில் எது போயிற்று என்பது கண்ணுக்குத் தெரிகிறது. 1972-ல் இங்கிலாந்து அரசி எலிசபெத் வந்தபோது வரவேற்பு கொடுத்தது இந்த நகலில்தான். அதனால் இதற்கே இப்போது ஒரு சரித்திரம் வந்துவிட்டது. முதலில் அயுத்தயா, மறுநாள் பூங்கா என்று வைத்துக்கொண்டால் இரண்டும் விளங்கும். ஒரே நாளில் முயற்சி செய்யவேண்டாம், ஒன்று பாங்காக்குக்கு வடக்கே, மற்றது தென்கிழக்கே.

அடுத்து, செயற்கைக் குன்றின் மேல் இருக்கும் பிரியா விகார். சிகரேஸ்வரர் என்ற பெயரில் சிவன் இருந்த கோயில். அசல், டாங்ரெக் மலையின் செங்குத்தான விளிம்பில், தாய்லாந்து, கம்போடியா எல்லையில் இருக்கிறது. அது கம்போடியாவுக்கே சொந்தம் என்று 1962-ல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மறு ஆண்டு இந்தப் பூங்கா வேலை தொடங்குகிறது! தாய்லாந்து வடிவ நிலத்தில், தாய்லாந்து இழந்த கோயிலுக்கும் ஓர் இடம். லெக்கின் மனதில் என்ன இருந்ததோ, கட்டடக்கலை மட்டும்தான் என்று என்னால் நம்ப முடியவில்லை. எல்லைச் சண்டைகளால் தாய்லாந்துப் பக்கத்து வழி பல வருடங்களாகவே அடைபட்டுக் கிடப்பதால், ஒரு சாதாரண தாய்லாந்துக்காரர் அந்தக் கோயிலின் வடிவத்தைப் பார்க்க இந்தச் சிமென்ட் குன்றைத்தான் ஏறவேண்டியிருக்கிறது. நீங்களும் ஏறுங்கள், உச்சியிலிருந்து பூங்கா முழுவதும் தெரியும். அம்மா கீழேயே இருக்கட்டும்.

லம்பாங்கிலிருந்து வந்த சோங் காம் மடத்தையும் தவறவிடாதீர்கள். பர்மாவின் ஷான் மக்களுடைய பாணியில் அமைந்த மரக் கட்டடம், அசலைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பூட்டியது. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்களே, அதே முறை. இதைப் போய் சிமென்ட் பொம்மை என்றால் நியாயமில்லை.

கற்பனைக் கட்டடங்களில் தண்ணீருக்கு நடுவே, பெரிய மீன் வளைத்துக்கொண்டிருக்கும் மேருமலை மண்டபம் இருக்கிறது. இணையத்தில் நீங்கள் பார்க்கும் படங்களில் பாதி அதுதான். பௌத்தப் பிரபஞ்சக் கதையை வைத்து லெக் செய்துபார்த்தது. அழகுதான். மரபு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பூங்காவுக்குப் போக, பாங்காக்கின் பறக்கும் ரயிலான பி.டி.எஸ். ரயிலில் சுகும்வித் தடத்தின் கடைசி நிலையமான கேஹா வரை போய், அங்கிருந்து டாக்சி பிடியுங்கள். நவம்பர் கடைசி என்றாலும் வெயில் இருக்கும், நிழல் குறைவு. நீங்கள் சைக்கிள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அம்மா வருவதால் வாசலிலேயே கோல்ஃப் வண்டி வாடகைக்குப் பேசிவிடுங்கள், நீங்களே ஓட்டலாம். அதற்கு மணிக்கணக்கில் காசு என்பதால், மதியம் மிதக்கும் சந்தைப் பக்கம் நூடுல்ஸ் சாப்பிட உட்காரும்போது மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.