ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு ஹிமாலயன் 450 எடுக்கலாமா, கேடிஎம் 390 அட்வென்ச்சர் எடுக்கலாமா?

உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், பின்னால் பெரும்பாலும் மனைவி, மாதம் ஒருமுறை மலை, வருடத்துக்கு ஒரு நீண்ட பயணம் என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். இந்த விவரங்களுக்கு என் பதில் 450. நானும் 411-இலிருந்து அதற்கு மாறியவன்தான். வாங்கும் முன் 390-ஐயும் நன்றாக ஓட்டிப் பார்த்தேன். ஊர் சேலம், அதனால் கொல்லிமலையும் தோப்பூர் கணவாயும்தான் எனக்கு அளவுகோல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 450 என்பது 411-இன் பெரிய அண்ணன் இல்லை, சுபாவமே வேறு. 411-இன் 32 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இன்ஜினின் இழுவிசை, 4000 ஆர்பிஎம் சுற்றிலேயே முழுதாகக் கிடைத்துவிடும். 450-இல் 40 நியூட்டன் மீட்டர் இருந்தாலும் அது வருவது 5500-இல். 390-இன் 39 நியூட்டன் மீட்டருக்கு 6500 வரை போக வேண்டும். காகிதத்தில் சின்ன வித்தியாசமாகத் தெரியும். காரவள்ளி தாண்டி கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதுதான் புரியும். பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க, வளைவின் உள்பக்கம் செங்குத்தாக நிற்கும் இடத்தில் 411 இரண்டாவது கியரிலேயே டொக் டொக்கென்று ஏறிவிடும். 450-ஐ 3000-க்குக் கீழே விட்டால் திணறும், முதல் கியருக்கு வந்தே ஆக வேண்டும். 390 இன்னும் மேலே சுற்றவிடச் சொல்லும். பாதி கிளட்சில் தொங்கிக்கொண்டே ஏறினால் இடது கை வலிக்கும், பின்னால் இருப்பவர் குலுங்குவார்.

நெடுஞ்சாலையில் கதை தலைகீழ். சேலத்திலிருந்து பெங்களூரு போகும் வழியில் தோப்பூர் ஏற்றத்தில் லக்கேஜோடு 411-ஐ கியர் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும். 450 அங்கே மூச்சு வாங்காமல் போகும். 24 குதிரைத்திறனிலிருந்து 40-க்கு வருகிறீர்கள், ஆறாவது கியரும் சேர்கிறது. உங்கள் வருடாந்திரப் பயணத்துக்கு இந்த மாற்றம் ஒன்றே போதும். 390-இல் 46 குதிரைத்திறன் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் ஆறு, தனியாக வேகமாக ஓட்டுபவருக்குத்தான் பயன்படும்.

அப்புறம் உயரம். 411-இன் சீட் 800 மில்லிமீட்டர். 450-இல் 825 அல்லது 845 என்று மாற்றி வைக்கலாம், தாழ்வான சீட் தனியாகக் கிடைக்கும், அதைப் போட்டால் 805. 390-இல் 830. ஷோரூம் டைல்ஸ் தரையில் எல்லாவற்றிலும் கால் எட்டும். வளைவில் பஸ் இறங்கி வருகிறது, பாதியில் நிற்க வேண்டும், இறக்கப் பக்கம் காலை ஊன்றுகிறீர்கள். அங்கே தரை ஒரு கை அளவு கீழே இருக்கும். அந்த நேரத்தில் 20 மில்லிமீட்டர் பெரிய விஷயம். அதனால் டெஸ்ட் ரைடு போகும்போது ஷூ போட்டுக்கொண்டு, மனைவியையும் ஏற்றிக்கொண்டு, ஏதாவது ஒரு சரிவில் நிறுத்திப் பாருங்கள். வண்டியைக் காலாலேயே பின்னால் தள்ளியும் பாருங்கள். 390 சுமார் 13 கிலோ குறைவு, அதன் அருமை இங்கே தெரியும்.

450 எடுப்பதாக முடிவானால் டியூப்லெஸ் ஸ்போக் வீல் உள்ளதையே எடுங்கள். டியூப் டயரில் ஆணி ஏறினால் நடுரோட்டில் வீலைக் கழற்ற வேண்டும்.

பட்ஜெட் இடித்தால் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. நீங்கள் கேட்ட 452 சிசி, 398 சிசி இரண்டுமே மேலே வருபவை. டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது, 36 குதிரைத்திறன். சீட் 835, அதை மட்டும் ஏறிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இனி எக்ஸ்சேஞ்ச். பணம் போவது இங்கேதான். பழைய பைக்கைப் பற்றி வாயே திறக்காமல் புது பைக்குக்கு ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள். அதன் பிறகு 411-க்கு என்ன தருவீர்கள் என்று தனியாகக் கேளுங்கள். இரண்டையும் கலந்து பேசினால், போனஸ் என்று கொடுப்பது பழைய வண்டியின் விலையில் கழிந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பார்க்க வருபவர் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்புவார். நடுவில் எங்காவது சிக்கினால் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிற்று என்று விலையைக் குறைப்பார். அதை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. புது டயர் போடாதீர்கள், அந்தக் காசு திரும்பாது. பன்னியர் என்ற பக்கவாட்டு லக்கேஜ் பெட்டி, அதன் ஃபிரேம் எல்லாவற்றையும் கழற்றித் தனியாக விற்றுவிடுங்கள். எக்ஸ்சேஞ்சில் அதற்கு மதிப்பில்லை, 450-க்கும் பொருந்தாது.

கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். என் சித்தப்பா மகன் பைக்கை ஒரு இடத்தில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்து மாதங்கள் கழித்து, யாரோ ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதற்கு அபராத எஸ்எம்எஸ் அவன் போனுக்கு வந்தது. ஆர்சி அவன் பெயரிலேயே கிடந்திருக்கிறது. அபராதம்கூடப் பரவாயில்லை. விபத்து நடந்தால், ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் விவரம் நிரப்பியபின் கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்து வையுங்கள். லோன் இருந்திருந்தால் படிவம் 35-உம் பேங்க் கடிதமும் வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து அங்கீகாரம் பெற்ற டீலர் என்றால் படிவம் 29சி மூலம் வண்டி தன்னிடம் வந்ததை ஆன்லைனில் பதிய முடியும். அது இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளைம் போனஸ் பைக்கோடு போகாது, அது உங்களுடையது. 411-ஐ ஒப்படைத்த சான்றைக் காட்டிக் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கி, புது பைக்குக்கு பாலிசி போடும் முன் ஷோரூமில் கொடுங்கள். எத்தனை வருடம் கிளைம் இல்லை என்பதைப் பொறுத்து, சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை குறையும்.