தொமேங்கைப் பற்றிக் கேட்டீர்கள்

நம் வாசிப்புக் குழுவில் இந்த மாதம் படித்தது 'போலும் விர்ஜினியும்'. பெர்னார்தேன் த சேன்-பியேர் 1788இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவல். கதை நடப்பது நம் மொரிசியஸ் தீவில். அக்கம்பக்கத்தில் வாழும் இரண்டு தாய்மார் சேர்ந்து வளர்க்கும் பிள்ளைகள்தான் போலும் விர்ஜினியும். அதில் வரும் வேலைக்காரர் தொமேங்கைப் பற்றித்தான் கேள்விகள் அதிகம் வந்தன.

குர்ப்பிப்பிலிருந்து: டீச்சர், எங்கள் ஊர்ச் சிலையில் போல் விர்ஜினியைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறான். தொமேங் எங்கே?

சிலையில் அவருக்கு இடமில்லை. ஆனால் கதையில் அன்று ராத்திரியே வந்துவிடுகிறார். தப்பி ஓடிவந்த ஓர் அடிமைப் பெண்ணுக்காக மன்னிப்புக் கேட்கப் பிள்ளைகள் இருவரும் அவளுடைய முதலாளி இருக்கும் ரிவியேர் நுவார் என்ற இடம் வரை நடந்துபோகிறார்கள். திரும்பும்போதுதான் சிலையில் உள்ள அந்த ஆற்றைக் கடக்கிறார்கள்; அப்புறம் வழி தவறிவிடுகிறது. தொமேங் அவர்களுடைய பழைய துணிகளை எடுத்து ஃபிதேல் என்ற நாய்க்கு மோப்பம் காட்டி, காடும் மலையும் அலைந்து கண்டுபிடிக்கிறார். கையில் சாப்பாடும் கொண்டுவருகிறார். வீங்கிய காலோடு பிள்ளைகளால் நடக்க முடியவில்லை. ஒரு காலத்தில் இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கினேனே, இப்போது நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள், எனக்கு வயதாகிவிட்டது என்கிறார். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ரோஸ் ஹில்லிலிருந்து: அவர் வேலைக்காரர்தானா? அடிமை இல்லையா?

அடிமைதான், அதை மழுப்பக் கூடாது. போலின் அம்மா மார்கரித் வாங்கிய, மேற்கு ஆப்பிரிக்க வொலொஃப் இனத்தவர். அவர் மனைவி மரி, மடகாஸ்கரில் பிறந்தவள், விர்ஜினியின் அம்மாவான மதாம் த லா தூரின் அடிமை. ஆசிரியர் 1773இல் எழுதிய பயண நூலில் இங்கே அடிமைகள் பட்ட கொடுமையைக் கடுமையாகக் கண்டித்தவர். நாவலில் ஏன் இப்படி அன்பான குடும்பமாகக் காட்டினார் என்று எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். மன்னித்துவிட்டதாகச் சொன்ன முதலாளி, தப்பி ஓடிவந்த அந்தப் பெண்ணின் காலை மரக்கட்டையோடு சங்கிலியால் பிணைத்து, கழுத்தில் மூன்று கொக்கி வைத்த இரும்பு வளையம் மாட்டியிருந்தான். இதைக் கண்ணால் பார்த்துவந்து பிள்ளைகளிடம் சொல்பவர் தொமேங். அவருடைய விசுவாசம் விவரமில்லாதவரின் விசுவாசம் அல்ல.

போ பாசேனிலிருந்து: என்னென்ன வேலை செய்தார்?

தோட்டம் முழுக்க அவர் கைதான். எந்த மண்ணுக்கு எது வரும் என்று தெரிந்தவர்: சதுப்போரம் நெல், வறண்ட நிலத்தில் சர்க்கரைவள்ளி, மேட்டில் பருத்தி, களிமண்ணில் கரும்பு, ஆற்றோரம் வாழை. அப்புறம், தன் கவலையையும் எசமானிகளின் கவலையையும் மறக்கக் கொஞ்சம் புகையிலை. விர்ஜினி ஆடும்போது தம்தம் என்ற மேளத்தைக் கொட்டுபவரும் அவர்தான்.

திரியோலேயிலிருந்து: கடைசியில் என்ன ஆனார்?

எசமானிகள் இறந்த பிறகு அவரும் மரியும் அதிக நாள் இருக்கவில்லை. ஓரிரு வரியில் முடித்துவிட்டார் ஆசிரியர். எனக்கு அது போதவில்லை.

போர்ட் லூயிஸிலிருந்து: அக்கா, கதையில் நம்மவர்கள் யாராவது உண்டா?

பேர் சொல்லி யாரும் இல்லை. ஆனால் பாம்பிள்மூஸ் ஊரில், கதையின் முடிவில் இறந்துபோகும் விர்ஜினியை அடக்கம் செய்யும் இடத்தைப் படியுங்கள். வங்காளத்துப் பெண்களும் மலபார் கரைப் பெண்களும் கூண்டு கூண்டாகப் பறவைகளைக் கொண்டுவந்து அவள் உடலுக்கு மேலே திறந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் தமிழரையும் 'மலபார்' என்றுதான் சொன்னார்கள். கூண்டைத் திறந்த கைகளில் ஒன்றாவது நம் பாட்டிமார் கையாக இருக்கும் என்றே நான் படிக்கிறேன்.