'அன்ஃபெய்த்ஃபுல்' பார்த்தவர்கள் அதன் பிரெஞ்சு மூலப்படத்தையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்கணும். சொல்லப்போனால் ஹாலிவுட் படத்தை விட்டாலும் பரவாயில்லை, இதை விடாதீர்கள். முழுக்கதையையும் சொல்லித்தான் எழுதப் போகிறேன், அதனால் முடிவு தெரிந்துவிடும் என்று கவலைப்படுகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் வாருங்கள்.

2002-ல் ஏட்ரியன் லைன் இயக்கத்தில் ரிச்சர்ட் கியரும் டயேன் லேனும் நடித்த 'அன்ஃபெய்த்ஃபுல்', 1969-ல் குளோத் ஷப்ரோல் எடுத்த 'லா ஃபாம் அன்ஃபிதேல்' படத்தின் மறு ஆக்கம். அமெரிக்கப் படத்தில் புயல்காற்று, தெருவில் காதலன்மேல் மோதி விழுதல், அவன் வீடு, ரயிலில் திரும்பும்போது மனைவியின் முகம் என்று அவளுடைய கள்ளத்தொடர்பு எப்படித் தொடங்கியது என்பதிலேயே பாதிப் படம் போய்விடும். டயேன் லேனுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்ததும் அந்தப் பாதிக்காகத்தான் என்பேன். ஷப்ரோல் இது எதையுமே காட்டுவதில்லை. படம் ஆரம்பிக்கும்போதே தொடர்பு நடந்துகொண்டிருக்கிறது. அவர்கள் எங்கே சந்தித்தார்கள், ஏன் என்பதற்கெல்லாம் பதில் கிடையாது. நாம் ஒட்டிக்கொண்டு போவது கணவனோடு.

அந்தக் கணவன் ஷார்ல், இன்ஷூரன்ஸ் தொழில் செய்கிறவர். வெர்சாய் பக்கம் தோட்டத்தோடு பெரிய வீடு, அழகான மனைவி எலேன், ஒரு சின்னப் பையன். வீட்டில் சண்டை சச்சரவு ஏதும் இல்லை, எல்லாரும் அவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள், கேட்கவே பயமாக இருக்கும். ஒரே கட்டிலில் படுத்து விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். பாரிஸுக்கு அழகு நிலையம், சினிமா என்று கிளம்பிப் போகும் மனைவி மேல் சந்தேகம் வந்ததும் ஷார்ல் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தனியார் துப்பறிவாளர் ஒருவரைப் பிடிக்கிறார். அவர் காதலனின் ஃபோட்டோவும் விலாசமும் கொண்டுவந்து கொடுக்கிறார். ஆள் பெயர் விக்தோர், நடித்தவர் மொரீஸ் ரொனே.

இனி வரும் காட்சிக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கலாம். ஷார்ல் நேராக விக்தோர் வீட்டுக்குப் போய், நான்தான் எலேனின் கணவன் என்கிறார். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு, ஒருவர் விஷயத்தில் இன்னொருவர் தலையிடுவதில்லை என்று சிரித்துக்கொண்டே ஒரு பொய். விக்தோர் முதலில் வெலவெலத்துப் போய், பிறகு நம்பி, குடிக்க ஊற்றிக்கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறக்கிறான். ஷார்ல் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார், படுக்கையறைக்கும் போகிறார். அங்கே ஒரு பெரிய சிகரெட் லைட்டர். திருமண நாளுக்கு அவர் மனைவிக்கு வாங்கிக் கொடுத்தது. அவ்வளவுதான், முகம் வெளிறி மனிதர் தள்ளாடுகிறார், அடுத்த நிமிடம் பக்கத்திலிருந்த சிலையை எடுத்து அடித்துவிடுகிறார். அவர் திட்டம் போட்டு வந்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை, ஷார்லாக வரும் மிஷெல் பூக்கே அப்படி நடித்திருக்கிறார். (அமெரிக்கப் படத்தில் பரிசுப் பொருளாலேயே அடிப்பார்கள். அது கொஞ்சம் கச்சிதமாகத் திட்டமிட்ட மாதிரி எனக்குப் பட்டது.)

அப்புறம் வசனமே இல்லாமல் நீளமாகச் சுத்தம் செய்யும் வேலை. ரத்தத்தைத் துடைத்து, கைரேகையைத் துடைத்து, உடலைத் துணியில் சுற்றி, இழுத்துப் போய் டிக்கியில் போடுகிறார். பொறுமையாக, ஏதோ ஆபீஸ் வேலை மாதிரி. வழியில் பின்னாலிருந்து ஒரு கார் வந்து அந்த டிக்கியிலேயே மோதும், கூட்டம் கூடும், போலீஸ்காரர் வருவார். கொலை செய்தவன் மாட்டக்கூடாதே என்று நாம் பதறுவோம். சஸ்பென்ஸ் படங்களின் மன்னன் ஹிட்ச்காக் பற்றி 1957-லேயே இன்னொரு பிரெஞ்சு இயக்குநர் எரிக் ரோமருடன் சேர்ந்து புத்தகம் எழுதியவர் ஷப்ரோல், அந்தப் பாடம் இங்கே நன்றாகத் தெரிகிறது.

சரி, மூலப்படத்தை ஏன் பார்க்கச் சொல்கிறேன்? கொலைக்கு அப்புறம்தான் இந்தத் தம்பதி காதலிக்கவே ஆரம்பிக்கிறார்கள். விக்தோரைக் காணோம் என்று போலீஸ் விசாரிக்க வருகிறது, அவனுடைய குறிப்பில் எலேன் பெயர் இருந்ததாம். இருவரும் தனித்தனியாக மழுப்புகிறார்கள். கொஞ்ச நாளில் எலேன் கையில் கணவன் கோட்டிலிருந்த அந்த ஃபோட்டோ சிக்குகிறது. எல்லாம் புரிந்துவிடுகிறது. கத்தல், அழுகை எதுவும் இல்லை, தோட்டத்தில் அதை எரித்துவிட்டு வந்து அவரைப் பார்க்கிறாள். படத்தில் முதன்முறையாக அவள் கணவனை அப்படிப் பார்ப்பது அப்போதுதான். இத்தனை வருஷம் பூச்செடி மாதிரி அசையாமல் இருந்த மனுஷனுக்குள் எனக்காக இப்படிச் செய்யும் வெறி இருந்திருக்கிறதா என்ற ஆச்சரியம், கொஞ்சம் பெருமைகூட. ஒழுக்கப்படி பார்த்தால் அசிங்கமான எண்ணம்தான், ஆனால் எலேனாக நடித்த ஸ்தெஃபான் ஓத்ரான் முகத்தைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியாது. அவர் அப்போது ஷப்ரோலின் நிஜ மனைவி என்பது கூடுதல் தகவல்.

கடைசியில் போலீஸ் மறுபடி வரும்போது உன்னைப் பைத்தியமாக நேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஷார்ல் அவர்களை நோக்கி நடக்கிறார். கேமரா பின்னால் நகர்ந்துகொண்டே ஜூம் மட்டும் மனைவி பக்கம் நெருங்கும். கைதா, விசாரணையா, எதையும் சொல்லாமல் படம் முடிந்துவிடும். இதைப் பார்த்து எரிச்சலாகிறவர்களும் உண்டு.

2004-ல் வந்த இந்தி 'மர்டர்' இதே வரிசையில் பிறந்ததுதான், ஆனால் கொலையையே திருப்பமாக மாற்றி வேறு படமாக ஆக்கிவிட்டார்கள். பாட்டுக்காகப் பார்க்கலாம்.

மெதுவாகப் போகும் படம், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்தரங்கக் காட்சிகளை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்து போவீர்கள். பிடித்திருந்தால் ஷப்ரோலே 1971-ல் எடுத்த 'ஜூஸ்த் அவான் லா நுயி'யையும் தேடிப் பாருங்கள். அதே பூக்கே, அதே ஓத்ரான் கணவன் மனைவி. ஆனால் இந்த முறை துரோகம் செய்வது கணவன். கள்ளக்காதலியைக் கொன்றுவிட்டு, ஒப்புக்கொள்கிறேன் என்று அவர் துடிக்க, சுற்றி இருப்பவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள்.